ஓஷுக்கு ஒரு நீதி, அல்மாட்டிக்கு ஒரு நீதியா?

"கூட்டணிப் படை வந்ததால்தான் கசாக்ஸ்தான் பிழைத்தது." கசாக்ஸ்தான் போராட்டத்தைப் பற்றிப் பேசும்போது நேற்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள்! பிழைத்தது நாடா, நாற்காலியா?

2022 ஜனவரி 2 அன்று கசாக்ஸ்தானின் எண்ணெய் நகரமான ஜானாஓசன் மக்கள் தெருவுக்கு வந்தது எரிவாயு விலைக்காக. வண்டிக்குப் போடும் எரிவாயு லிட்டர் 60 டெங்கேயிலிருந்து (அந்நாட்டு நாணயம்) 120 ஆகியிருந்தது. 2011 டிசம்பரில் எண்ணெய்த் தொழிலாளர்களைக் காவல்துறை சுட்டதும் இதே ஊரில்தான். அந்தக் காயத்தை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்லாதீர்கள்.

ஜனவரி 5 அன்று அதிபர் தொகாயேவ், ரஷ்யா தலைமையிலான ராணுவக் கூட்டணியான கூட்டுப் பாதுகாப்பு ஒப்பந்த அமைப்பிடம் கை நீட்டினார். மறுநாளே படை இறங்கியது. ஒரு நாட்டின் மீது ஆக்கிரமிப்பு நடந்தால் மற்ற நாடுகள் துணைக்கு வரும் என்கிறது ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு. சொந்த மக்களின் கோபம் எப்படி ஆக்கிரமிப்பு ஆகும்? அதனால்தான் 'வெளிநாட்டில் பயிற்சி பெற்ற பயங்கரவாதிகள்' என்ற பேச்சு தேவைப்பட்டது.

போராட்டம் நாட்டின் பெரிய நகரமான அல்மாட்டிக்குப் பரவியபோது விமான நிலையத்தையே பிடித்தார்களே, மேயர் அலுவலகத்தை எரித்தார்களே என்பீர்கள். உண்மைதான், அதை நான் நியாயப்படுத்தவில்லை. வந்த படை கட்டடங்களைத்தான் காத்தது, ஜனவரி 19க்குள் திரும்பிவிட்டது என்பீர்கள். சரி. வந்தவர்கள் காவல் நின்றார்கள், காவல் வேலை குறைந்து உள்ளூர்ப் படைக்குக் கை ஒழிந்தது. 7ஆம் தேதி தொகாயேவ் எச்சரிக்காமல் சுடச் சொன்னார். இறந்தவர்கள் அரசுக் கணக்கிலேயே 200க்கு மேல். அல்மாட்டியில் காரில் போய்க்கொண்டிருந்த நான்கு வயதுச் சிறுமியும் அவர்களில் ஒருத்தி.

2010 ஜூனில், அதே அமைப்பின் உறுப்பு நாடான கிர்கிஸ்தானின் ஓஷ் நகரம் இனக் கலவரத்தில் எரிந்தபோது அப்போதைய இடைக்கால அதிபர் ரோசா ஒதுன்பாயேவா உதவி கேட்டுக் கெஞ்சினார். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். அப்போது மட்டும் அது 'உள்நாட்டு விவகாரம்', படை வரவில்லை. கசாக்ஸ்தானுக்குப் படை போவதை அமைப்பின் தலைமைப் பொறுப்பிலிருந்து அறிவித்தவர் ஆர்மீனியப் பிரதமர் பாஷினியான். 2022 செப்டம்பரில் அஜர்பைஜான் தாக்கியபோது அவருக்கே படை வரவில்லை. அதுதான் உண்மையான வெளித் தாக்குதல்! மக்கள் சாகும்போது வராத படை, ஆட்சி ஆடும்போது ஒரே நாளில் எப்படி வருகிறது?

உனக்கென்ன இவ்வளவு கோபம் என்று கேட்டீர்களே. அக்கா மகன் அப்போது அல்மாட்டியில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். இணையத்தை வெட்டிவிட்டார்கள். நாள்கணக்கில் அவனிடமிருந்து ஒரு சொல் இல்லை. அக்கா போனை மடியில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். கடைசியில் லைன் கிடைத்ததும் அவன் சொன்னது, "ஜன்னல் பக்கம் போகாம தரையிலதான் படுத்திருக்கோம், சித்தி." அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது. என்னிடம் வந்து 'அமைதிப் படை' என்று சொல்லாதீர்கள்.