வேகன் ஆர் எடுத்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு

இரண்டு வருடமாக இந்த ஒரே கேள்விதான். கலியாண வீட்டில் கேட்கிறார்கள், பெற்றோல் செட்டில் கேட்கிறார்கள், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் கேட்கிறார்கள்: “இந்தக் காசுக்கு ஒரு வேகன் ஆர் எடுத்திருக்கலாமே தம்பி?” அக்கறையில்தான் கேட்கிறார்கள். வழியில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது 1992ஆம் ஆண்டு மஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே இருக்கை, துணிக் கூரை, ஐந்து கியர், பொத்தானை அழுத்தினால் மேலே எழும்பும் ஹெட்லைட். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் அதைத் தவளைக் கார் என்கிறார்கள். பழைய வேகன் ஆர் ஒன்றின் விலையைவிடக் குறைவாகத்தான் வாங்கினேன். ஆனால் முழுவதும் கைக்காசு. இவ்வளவு பழைய வாகனத்துக்கு லீசிங் கிடைக்காது. அது நல்லதுதான். மாதக் கட்டணத்தின் நெருக்கடியோடு இப்படியொரு காரை யாரும் வைத்திருக்கக் கூடாது.

“ஸ்போர்ட்ஸ் கார்” என்றதும் நம்ம ஆட்களுக்கு வேகம்தான் ஞாபகம் வருகிறது. வேகமாக ஓடுவதற்கு நம்மிடம் வீதி எங்கே இருக்கிறது? ஊருக்குள் 50, வெளியே 70. அதற்கு மேல் ஓடுவது சட்டப்படியும் பிழை, மாடும் ஆடும் குறுக்கே வருகிற வீதியில் மனசாட்சிப்படியும் பிழை. வேகமாக ஓடிப் போய்ச் சேராத எத்தனை பிள்ளைகளின் கண்ணீர் அஞ்சலிப் பதாகைகளை நாம் மின்கம்பங்களில் பார்த்திருக்கிறோம். அதனால்தான் சொல்கிறேன், நமக்குத் தேவை 300 குதிரைத்திறன் கார் அல்ல. என்னுடையது 1600 சிசி, 120 குதிரைத்திறன், எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. முன்னால் எஞ்சின், பின் சில்லுகளுக்கு இழுவை. மணிக்கு 50 கிலோமீற்றரில் ஒரு வளைவைத் திரும்பும்போதே ஸ்டியரிங் வழியாக வீதி உள்ளங்கைக்கு வந்துவிடும். 1989இல் இந்தக் காரைச் செய்தவர்கள், குதிரையும் அதன் மேல் இருப்பவனும் ஒன்றாவதைப் பற்றித்தான் பேசினார்கள். வேகத்தை அவர்கள் பெரிதாகப் பேசவில்லை. 2016இல் பத்து இலட்சமாவது எம்எக்ஸ்-5 வெளிவந்தது. மெதுவாக ஓடினாலும் சந்தோசம் தருகிற கார் என்பதுதான் அதற்குக் காரணம் என்று நான் நம்புகிறேன்.

சரி, வாங்குவதைப் பற்றிக் கேட்டுத் தனியாகச் செய்தி அனுப்பும் தம்பிமாருக்கு. எல்லோரும் எஞ்சினைத்தான் கேட்கிறீர்கள். “எஞ்சின் எப்படி அண்ணன், புகை போகுதா?” எஞ்சின் பெரிய பிரச்சினை இல்லை. எளிமையான எஞ்சின், கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் பாதிச் சாமான் கிடைக்கும், மீதியை வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரரிடம் சொல்லி எடுக்கலாம். 1991 நடுப்பகுதிக்கு முந்தியது என்றால் எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்கின் முனையில் இருக்கும் புல்லியை மட்டும் பாருங்கள். அதில் நான்கு வெட்டுகள் இருந்தால் முனை குட்டையான பழைய கிராங்க், அதன் போல்ட் தளர்ந்தால் கிராங்கே கெட்டுவிடும். எட்டு வெட்டு என்றால் பயமில்லை.

நீங்கள் வாங்கப்போவது உடம்பை. கறள்தான் இந்தக் காரின் எமன். நான் முதலில் பார்த்த கார் கொழும்புப் பக்கம், புதுப் பெயின்ட், கண்ணாடி மாதிரி. எங்கள் மெக்கானிக் அண்ணன் பேசாமல் சட்டைப் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கதவுக்குக் கீழே வைத்தார். விழுந்தது. ஒரு சாண் தள்ளி வைத்தார். மறுபடியும் விழுந்தது. அங்கே தகரமே இல்லை, பட்டி பூசித் தேய்த்து மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். “நாம போவம்” என்று மட்டும் சொன்னார். அந்தக் காரின் பதிவுப் புத்தகமும் வேறு யாரோ வெளிநாட்டில் இருக்கிற ஒருவரின் பெயரில், பெயர் மாற்றாமலே நான்கு கை மாறி வந்திருந்தது. ஷாசி நம்பரும் எஞ்சின் நம்பரும் புத்தகத்தோடு பொருந்தாத, பெயர் மாற்றித் தர முடியாத காரை இனாமாகத் தந்தாலும் தொடாதீர்கள்.

இப்போது இருக்கிற கார் நான்காவதாகப் பார்த்தது. பெயின்ட் மங்கி, இருக்கை கிழிந்து, பார்க்க ஒன்றுமில்லாமல் இருந்தது. காந்தம் எல்லா இடத்திலும் ஒட்டியது. பிறகு இருக்கைக்குப் பின்னால் கம்பளத்தைத் தூக்கினோம். கூரையில் விழும் மழைத்தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரு குழாய் வழியாக இறங்கி, பின் சில்லுக்கு முன்னால் வெளியே போக வேண்டும். அந்தக் குழாய் சருகு அடைத்தால் தண்ணீர் கதவுக்குக் கீழே இருக்கிற படிக்கட்டுப் பெட்டிக்குள்ளேயே நின்று உள்ளிருந்து அரிக்கும், வெளியே தெரியும்போது காலம் கடந்துவிடும். அண்ணன் மெல்லிய நைலோன் வயரை விட்டு ஆட்டினார். கொஞ்சம் கறுத்த சேறு, ஒரு மாவிலைத் துண்டு, பிறகு தெளிந்த தண்ணீர். கறளின் செம்மண் நிறம் இல்லை. அந்த இடத்திலேயே முற்பணம் கொடுத்தேன்.

நான் இருப்பது மட்டக்களப்பு கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்பதை 1924இல் கட்டிய பழைய பாலத்தைப் பார்த்து வளர்ந்த எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. கிழமைக்கு ஒரு முறை அடிப்பகுதிக்கு நல்ல தண்ணீர் அடிக்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை உள்பக்கம் மெழுகு எண்ணெய். மாதம் ஒரு முறை அந்த இரண்டு குழாய்க்கும் வயர். இதைச் செய்யப் பொறுமை இல்லாதவர்கள், கோபிக்காதீர்கள், இந்தக் காரை வாங்காமல் விடுவது காருக்கு நல்லது.

செலவு? முதல் வருடம் வாங்கிய விலையில் ஐந்தில் ஒரு பங்கு திரும்பவும் போனது. கிளச்சின் கீழ்ச் சிலிண்டர், ரேடியேட்டர், நான்கு ரயர், டைமிங் பெல்ட். அந்தப் பணத்தைத் தனியாக எடுத்து வைத்த பிறகுதான் கார் தேடினேன், அதனால் தூக்கம் கெடவில்லை. பழைய கார்களை இறக்குமதி செய்ய முடியாத நாடு இது. 2025இல் வாகன இறக்குமதித் தடையை எடுத்த பிறகும் 90களின் கார் வரப்போவதில்லை. ஏற்கெனவே நாட்டுக்குள் இருப்பவைதான், அவற்றையும் வெட்டி ஒட்டி நாசமாக்கினால் அடுத்த தலைமுறைக்கு ஒன்றும் மிஞ்சாது. இதில் எனக்கு உண்மையான வருத்தம் இருக்கிறது.

விடியற்காலை ஐந்தரைக்கு மகளை ஏற்றிக்கொண்டு செங்கலடியில் பதுளை வீதிக்குத் திரும்புவேன். கூரை திறந்திருக்கும். கரடியனாறு வரைக்கும் வயல், ஈர மண் வாசம், கொக்குகள். புல்லுமலை தாண்டிக் காடு, குளிர்ந்த காற்று மேலிருந்து விழும். யானை நடமாடுகிற இடம், அதனால் வெளிச்சம் வந்த பிறகுதான் அந்தத் துண்டைக் கடப்போம். மகா ஓயா வெந்நீர் ஊற்றில் காலை நனைத்துவிட்டு, பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றத்தில் வளைவுகள் தொடங்கும்போது மூன்றாம் கியரில் போடுவேன். 40, 45க்கு மேல் போவதில்லை. பஸ் வந்தால் ஒதுங்கி வழி விடுவோம். மகள் வளைவுகளை எண்ணிக்கொண்டே வருவாள். எண்ணிக்கை தவறிவிட்டால் திரும்பி வரும்போது முதலிலிருந்து எண்ணுவாள்.

வேகன் ஆர் நல்ல கார். எங்கள் வீட்டிலும் மனைவி வேலைக்கு ஒரு சின்னக் கார்தான் ஓட்டுகிறாள், மழைக்கும் சாமான் வாங்கவும் அதுதான். எதை வாங்கினாலும் “திருப்பி வித்தா எவ்வளவு வரும்” என்று மட்டுமே கேட்கும் பழக்கத்தோடுதான் எனக்குச் சண்டை. காணிக்கு அந்தக் கேள்வி சரி. நகைக்கும் சரி. காலையில் ஒரு மனிசன் தன் பிள்ளையோடு காற்று வாங்கப் போவதற்கும் அதையே கேட்கலாமா?

மாரி தொடங்க முன் கூரைத் துணி மாற்ற வேண்டும், பழையது பின் கண்ணாடி ஓரம் வெடித்துவிட்டது. புதியது வந்து சேர்ந்துவிட்டது. வருகிற ஞாயிறு காலை வீட்டு முற்றத்தில் நானும் மெக்கானிக் அண்ணனும் கழற்றுகிறோம். வாங்க யோசிக்கிற தம்பிமார் வந்து பாருங்கள், கூரை இல்லாத நேரத்தில் அந்தக் குழாய் இரண்டையும் கையால் தொட்டுக் காட்டலாம். காந்தமும் தருகிறேன்.