வாங்காத கடனுக்கு நாம் ஏன் சாட்சி தேட வேண்டும்?

நம் பெயரில் வேறு யாரோ கடன் வாங்கிவிட்டால், 'நான் வாங்கவில்லை' என்று நிரூபிக்கும் சுமை நம் தலையில் விழக் கூடாது. ஆளை நேரில் பாராமலேயே பணத்தைக் கொடுத்த நிறுவனம்தான் 'இவர்தான் வாங்கினார்' என்று நிரூபிக்க வேண்டும். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நடப்பது நேர்மாறாக இருக்கிறது.

குடியாத்தத்தில் எங்கள் தெருவில் பீடி சுற்றிப் பிழைக்கும் அக்கா ஒருவர், மகளிர் குழுக் கடனுக்கு மனு கொடுத்தபோது, அவர் பெயரில் ஏற்கெனவே கைப்பேசிச் செயலி வழியாக வாங்கிய ஒரு கடன் தவணை தவறி நிற்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டார். அவரிடம் இருப்பதோ பட்டன் போன். ஒருவர் பெயரில் உள்ள கடன்களைப் பட்டியலிடும் கடன் அறிக்கையை எடுத்து வரி வரியாகப் படித்துப் பார்த்தோம். பெயர், பான் எண், பிறந்த தேதி எல்லாம் அவருடையவை. கைப்பேசி எண் மட்டும் யாருடையதோ. வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியில்தான் நின்றது.

சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய, கடன் விவரங்களைத் தொகுக்கும் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. ஒன்றில் இல்லாத கடன் இன்னொன்றில் இருக்கக்கூடும் என்பதால் நான்கையும் பார்ப்பது நல்லது. தவறான பதிவைச் சுட்டிக்காட்டிப் புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் தீர்வு காண வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கூடவே, கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுத்தில் கேளுங்கள்: ஒப்பந்தம் எங்கே, கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்புக்கு வாங்கிய புகைப்படம் எது, பணம் எந்த வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது? கடைசிக் கேள்விக்குத்தான் அவர்களால் மழுப்ப முடியாது.

1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ புகாரைப் பதிவு செய்து, அந்தப் புகார் எண்ணை ஒவ்வொரு கடிதத்திலும் குறிப்பிட வேண்டும். பிறர் அடையாளத்தை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வசூலுக்கு வருபவர் 'ஏதோ ஒரு தொகையைக் கட்டிவிடுங்கள், பெயர் சுத்தமாகிவிடும்' என்பார். கட்டாதீர்கள். கட்டினால் கடனை ஒப்புக்கொண்டதாகவே பேசப்படும். அறிக்கையிலும் 'செட்டில்டு', அதாவது முழுதாகக் கட்டாமல் பேசி முடித்த கடன், என்ற கறை தங்கிவிடும்.

வராமல் தடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளில் தொடங்கி சிம் கார்டு விற்கும் கடை வரை, கேட்ட இடத்தில் எல்லாம் ஆதார் ஜெராக்ஸை நீட்டுகிறோம். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் இதைப் பற்றி எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று சொல்லி மத்திய அரசு இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்த எச்சரிக்கை நின்றிருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். கடைசி 4 எண்கள் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை இ-சேவை மையத்தில் எடுத்துக்கொள்ளலாம். முழு நகலே கொடுக்க நேர்ந்தால், எந்தத் தேவைக்கு, எந்தத் தேதியில் என்று நகலின் குறுக்கே எழுதிக் கையெழுத்திடுங்கள். நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பார்த்து, நம்முடையதல்லாததை அங்கேயே தெரிவிக்கலாம்.

ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. ஆனால் ரேஷன் கடையில் மாதாமாதம் விரல் வைக்க வேண்டிய குடும்பங்கள் ஒவ்வொரு முறையும் அதைத் தற்காலிகமாகத் திறக்க வேண்டியிருக்கும். வீட்டில் ஸ்மார்ட்போன் கையாளத் தெரிந்தவர் இல்லையென்றால் அது பெரும் அலைச்சல். இந்த அறிவுரையை எல்லோருக்கும் ஒன்றுபோலச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை.

நிறுவனம் 30 நாள் வரை பதில் தராவிட்டாலோ, தந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். இணையம் தெரியாதவர்கள் தபாலிலும் அனுப்பலாம். அக்காவின் அறிக்கையிலிருந்து அந்தக் கடன் இப்போது நீக்கப்பட்டிருக்கிறது. அதற்காக அவர் இழந்த கூலியை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஆராயாமல் கடன் கொடுத்த நிறுவனமே அந்தக் கூலியையும் ஈடுகட்ட வேண்டும் என்று விதி வர வேண்டும்.