அடைமழையில பெயிண்ட் வாளியோட மாடி ஏறாதீங்கய்யா!

காத்து திசை மாறி வடகிழக்குலேர்ந்து அடிக்கும், வானம் மூடிக்கும், ராத்திரி ஃபேனை ரெண்டுல வெச்சாலே போர்வை தேடும். உடனே ரெண்டு வியாபாரம் சூடு பிடிச்சுடும். ஒண்ணு பஜ்ஜி. இன்னொண்ணு வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட். பஜ்ஜியைக் குத்தம் சொல்லல.

வடகிழக்குப் பருவமழை என்ன, சொல்லாம கொள்ளாம வர்ற விருந்தாளியா? அக்டோபர் மூணாவது வாரத்தை ஒட்டி வருஷா வருஷம் வருது. ஐப்பசி அடைமழைன்னு பாட்டி காலத்துலேர்ந்து சொல்லிட்டிருக்காங்க. பிப்ரவரியிலேர்ந்து காஞ்சு கிடந்த மாடியை எட்டிப் பாக்காம, சீலிங்ல ஓதம் படர்ந்த அன்னிக்கு கொத்தனாருக்குப் போனைப் போட்டு "இன்னிக்கே வாங்க"ன்னா அவர் என்ன செய்வார்? 20 லிட்டர் வாளியோட வருவார், ஈரத் தளத்து மேலயே அடிப்பார், காசை வாங்கிட்டுப் போவார். ரெண்டு நாள் வெயில் அடிச்சா உள்ள இருக்கற ஈரம் ஆவியாகி மேல தள்ளும். பெயிண்ட் அப்பளம் மாதிரி உப்பி உரிஞ்சு வரும். தளம் காஞ்சிருக்கணும்னு டப்பாவுலயே போட்டிருக்கு. படிச்சாத்தானே!

"ஆகஸ்ட்ல அப்படிக் கொட்டிச்சே, அப்ப ஒழுகலையே?"ன்னு ஒரு கேள்வி வேற. சென்னைப் பக்கம் அது சாயங்கால இடிமழைங்க. ஒரு மணி நேரம் கொட்டும், மறுநாள் வெயில் காய வெச்சுடும். இப்ப வங்கக்கடல்ல ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உக்காந்துட்டா மூணு நாளைக்கு சூரியனே கிடையாது. சித்திரை வெயில்ல விரிஞ்ச தளம் குளிர்ல சுருங்கறப்போ விரிசலும் வாயைத் திறக்கும். தேங்கி நிக்கற தண்ணிக்கு அவசரமே இல்ல, மயிரிழை சந்து கிடைச்சாலும் நிதானமா இறங்கும்.

கணக்கு போடுங்க. 1,000 சதுர அடி மாடின்னா சுமார் 93 சதுர மீட்டர். 10 செ.மீ. மழைக்கு 9,300 லிட்டர். மே மாசம் காசு குடுத்து வாங்கற பெரிய தண்ணி லாரி அப்படியே தலைமேல நிக்குது. அது இறங்க வேண்டிய 4 இன்ச் குழாய் வாய்ல என்ன கிடக்கு? வேப்பஞ்சருகு, பால் கவர், ஒத்தைச் செருப்பு. தட்டையான சல்லடை மூடியை அடைக்க நாலு இலை போதும். குவிஞ்ச மூடி போடுங்கன்னா "பாக்க நல்லால்ல"ங்கறாங்க. மாடியில யாரு பாக்கறது, காக்காயா?

அடுத்தது வாட்டம். குழாயைப் பாத்து பத்தடிக்கு ஒரு இன்ச்சாவது சரிவு வேணும். அது இல்லாத தளத்துக்கு எந்த பெயிண்டும் மருந்தில்ல, தளத்தைத்தான் திருத்தணும். மழை விட்ட மறுநாள் எங்கெல்லாம் தண்ணி தேங்கியிருக்குன்னு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, கொத்தனார்கிட்ட அதைக் காட்டினாப் போதும்.

இன்னொரு கூட்டம் இருக்கு. டிஷ் மாட்ட, கொடிக்கம்பி கட்ட, நேரா தளத்துலயே டிரில் போடற மகானுபாவர்கள். அந்தக் காலத்துல செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணி தெளிச்சு, நாள்கணக்கா கட்டையால தட்டி இறுக்கி, அதுக்கு மேல தட்டோடு பதிச்சாங்க. அதுல நாலு போல்ட் ஓட்டை! பக்கச் சுவர்ல மாட்டினா டிவி தெரியாதா?

தை, மாசியில செய்யற வேலைங்க இது. கம்பி பிரஷ் போட்டுப் பாசியைச் சுரண்டி, கழுவி, நல்லா காயவிடணும். விரிசலை வெட்டி அகலமாக்கி, பாலிமர் கலந்த சாந்தால அடைக்கணும். வெறும் சிமென்ட் பால் ஊத்தினா காய்ஞ்சதும் சுருங்கி அதே இடத்துல மறுபடி விடும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலையில சாந்தை வளைச்சுப் பூசி, ஃபைபர் வலை ஒட்டி, சுவர்லயும் ஒரு அடி உயரத்துக்கு அடிக்கணும். பாதி ஒழுகலுக்கு அந்த மூலைதான் காரணம், அதைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. பிரைமர், அப்புறம் ரெண்டு கோட், ஒண்ணு நீளவாக்குல, ஒண்ணு குறுக்கே. சீலிங்ல புட்டி பூசி மறைக்கற வித்தை மட்டும் வேணாம். உள்ள கம்பி துருப்பிடிச்சு ஊதிச்சுன்னா கான்க்ரீட் பாளமா பேந்து விழும்.

இப்பவே சொட்டுதா? குழாய் வாயைச் சுத்தம் பண்ணுங்க. தார்ப்பாயைக் கைப்பிடிச் சுவருக்கு வெளிய தொங்கற மாதிரி போட்டு செங்கல் வைங்க. ஃபேன், லைட் வழியா சொட்டினா மெயினை அணைச்சுடுங்க. அவ்ளோதான் முடியும்.

கடைசியா அபார்ட்மென்ட்வாசிகளுக்கு. "டாப் ஃப்ளோர் பிரச்சினை, நீங்களே பாத்துக்கங்க சார்"னு மீட்டிங்ல கை கழுவறீங்களே, துணி காயப்போட, வடாம் போட, தீபாவளிக்கு ராக்கெட் விட மாடி பொது. ஒழுகினா மட்டும் மேல்வீட்டுக்காரருதா?