அலைச் சத்தத்தில் மழை அமுங்கிவிடாது

"கடலுக்கடியில் மைக் போட்டால் அலை இரைச்சல்தான் கேட்கும், மழையை அளக்க முடியாது" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள் அண்ணே, அது தவறு. நம் நீரோடி, பொழியூர் கரையில் கேட்கும் இரைச்சலை வைத்து நடுக்கடலை எடைபோடக் கூடாது. துளி விழும்போது நீருக்குள் மாட்டும் காற்றுக்குமிழிதான் முக்கியமாக ஒலி எழுப்புகிறது. ஒரு மில்லிமீட்டர் தூறல் துளிகூட 15 கிலோஹெர்ட்ஸ் பக்கம் தெளிவாகக் கேட்கும், 2 மி.மீ.க்கு மேற்பட்ட பெரிய துளி என்றால் இன்னும் தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்தே பரவலாக ஒலிக்கும். காற்று வீசி உடையும் அலையின் ஒலியோ அதிர்வெண் ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும், அதனால் இரண்டையும் பிரித்துவிடலாம். 2004-ல் கிரேக்கம் அருகே அயோனியன் கடலில் 60 முதல் 2000 மீட்டர் ஆழம் வரை கருவிகள் வைத்து மழையைக் கேட்டு, கரையில் இருந்த ரேடாரோடு ஒப்பிட்டும் பார்த்தார்கள். பலத்த காற்றில் தூறலைப் பிடிப்பது கடினம், அது சரி. ஆனால் நம் ஆட்கள் தங்கி மீன்பிடிக்கும் ஆழ்கடலில் மழைமானி வைக்க இடம் ஏது?