எச்சிஐ பாடத்துக்கு விடுதி நண்பர்கள் போதாது

பொறியியல் கல்லூரியில் மனித-கணினி ஊடாட்டம், மாணவர்கள் வாயில் எச்சிஐ, என்ற விருப்பப் பாடத்தை நடத்துகிறவன் நான். இதை ஏன் எடுத்தீர்கள் என்று முதல் வகுப்பில் கேட்டால், "கோடிங் கிடையாது சார், படிச்சா பாஸ் ஆகிடலாம்" என்பதுதான் பெரும்பாலும் வருகிற பதில். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 ஒழுங்குமுறையில் சிஎஸ்6008 என்றும், 2017 ஒழுங்குமுறையில் சிஎஸ்8079 என்றும் இருந்த இந்தப் பாடம், ஐந்து அலகுகளைப் படித்து மூன்று மணி நேரத்தில் எழுதி முடிக்கிற தாளாகவே இருந்தது. அக மதிப்பீட்டுக்கு 20, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 80. கணினி முன்னால் திணறுகிற ஒரு மனிதரைக்கூட நேரில் பார்க்காமலேயே, அவரைப் பற்றிய பாடத்தில் ஒரு மாணவர் நல்ல கிரேடு வாங்கிவிடலாம். 2021 ஒழுங்குமுறையில் யுஐ, யுஎக்ஸ் (பயனர் இடைமுகம், பயனர் அனுபவம்) வடிவமைப்பு என்ற பெயரில் ஆய்வகத்தோடு சேர்ந்த பாடம் வந்த பிறகும் இந்த நிலை பெரிதாக மாறவில்லை என்பது என் கருத்து. முன்பு விடைத்தாளை நிரப்பினார்கள், இப்போது ஃபிக்மா என்ற வடிவமைப்பு மென்பொருளில் திரைகளை நிரப்புகிறார்கள்.

பயனரை வைத்துச் சோதிப்பது பாடத்திட்டத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் யாரை வைத்துச் சோதிப்பது என்று பாடத்திட்டம் கேட்பதில்லை. இந்த இடத்தில் மாணவர்களுக்குக் கைகொடுப்பது, ஐந்து பயனர்கள் போதும் என்று பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் சொன்னது. ஒரு பயனர் சராசரியாக 31 விழுக்காடு குறைகளைக் கண்டுபிடித்தால், ஐந்து பேர் சேர்ந்து ஏறத்தாழ 85 விழுக்காட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது கணக்கு. எல்லா அறிக்கைகளிலும் இந்தக் கணக்கின் வளைகோடு இருக்கும், அதற்குக் கீழே ஐந்து பயனர்களின் வயது இருக்கும்: 20, 21, 21, 20, 21. ஐந்து பேரும் ஒரே விடுதி, பல சமயம் ஒரே அறை. அந்தக் கணக்கு ஒரே வகையான பயனர்களுக்குத்தான் பொருந்தும், உங்கள் செயலி யாருக்கென்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்களோ அந்த வகையிலிருந்துதான் ஐவரும் வர வேண்டும் என்று சொன்னால், "அவங்களை எங்க சார் போய்த் தேடுறது?" என்பார்கள்.

தேடத்தான் வேண்டும். சில ஆண்டுகளாக என் வகுப்பில் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறேன்: குழுவில் ஒருவருக்கும் உறவினரோ நண்பரோ அல்லாதவர், கல்லூரியில் படிக்காதவர், அவருடைய சொந்தக் கைப்பேசி. இந்த மூன்று நிபந்தனைகளும் வந்த பிறகு மாணவர்களின் அனுபவம் எப்படி மாறியது என்பதைச் சொல்வதற்காகவே இந்தப் பதிவு.

மகளிர் சுயஉதவிக் குழுக்களின் சந்தாவையும் கடன் தவணையையும் பதிந்துவைக்க ஒரு குழுவினர் செயலி செய்திருந்தார்கள். திரைகள் அழகாக இருந்தன, வகுப்பில் கைதட்டலும் கிடைத்தது. பக்கத்து ஊரில் ஒரு குழுவின் ஊக்குநராக இருக்கும் அம்மாவிடம் அதைக் கொண்டுபோனார்கள். முதல் திரையில் பெயரைப் போட்டார், ஊரைப் போட்டார், மூன்றாவதாகப் பிறந்த தேதி. கட்டத்தைத் தொட்டதும் நடப்பு மாதத்தின் நாட்காட்டி விரிந்தது. அம்மா பிறந்தது 1962-இல். இடப்பக்க அம்புக்குறியைத் தொட்டால் ஒரு மாதம் பின்னால் போகிறது என்பதைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு மாதமாகத் தொட்டுக்கொண்டே போனார். மேலே சிறிய எழுத்தில் இருக்கும் ஆண்டைத் தொட்டால் ஆண்டுகளின் பட்டியல் வரும் என்பது அந்த நான்கு மாணவர்களுக்கும் தெரியும், ஆனால் அதைத் தொடலாம் என்று காட்டுகிற ஓர் அடையாளமும் திரையில் இல்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் பின்னால் போனதும் அவர் கைப்பேசியைத் தரையில் வைத்துவிட்டு, "எனக்குப் படிப்பு பத்தாது தம்பி, நீங்களே போட்டுக் குடுத்துடுங்க" என்றார். குழுவின் மொத்த வரவு செலவையும் பேரேட்டில் எழுதி, வட்டியை மனக்கணக்காகப் போடுகிறவர் அவர்.

இந்த அனுபவத்தை வகுப்பில் சொன்ன மாணவர், மூன்றாம் அலகில் படித்த விசையழுத்த அளவு மாதிரியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஸ்டூவர்ட் கார்டு, தாமஸ் மோரன், ஆலன் நியூவெல் மூவரும் 1980-இல் வெளியிட்ட மாதிரி அது. தேர்ந்த தட்டச்சர் ஒரு விசையை அழுத்த 0.2 நொடி, யோசித்து முடிவெடுக்க 1.35 நொடி என்று ஒவ்வொரு செயலுக்கும் ஒரு நேரம் வைத்து, ஒரு வேலையை முடிக்க எவ்வளவு ஆகும் என்று அதில் கூட்டிப் பார்க்கலாம். அறுபது ஆண்டு என்றால் 720 மாதம், விரல் அம்புக்குறியின் மேலேயே இருப்பதால் ஒவ்வொரு தொடுதலுக்கும் 0.2 நொடி, ஆக 144 நொடி. "மாடல் படி ரெண்டு நிமிஷம் இருபத்துநாலு செகண்ட்ல முடியணும் சார், அவங்க முடிக்கவே இல்ல" என்றார். பிழையே செய்யாத, பழகிய பயனருக்குத்தான் இந்த மாதிரி என்ற வரி அவருடைய பாடக்குறிப்பிலேயே இருந்தது. தேர்வில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதுகிற அந்த வரிக்கு என்ன பொருள் என்பது வகுப்பு முழுவதற்கும் அன்றைக்குத்தான் உறைத்தது. கோட்பாட்டைக் குறைத்துவிட்டு வெளியே அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். அந்த மாதிரியைப் படிக்காதவருக்கு இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

வெளியே போய் வந்தவர்கள் எல்லோரும் சொல்கிற இன்னொரு சிரமம், சும்மா இருப்பது. சோதனை நடக்கும்போது பேசக்கூடாது, சுட்டிக்காட்டக்கூடாது, பயனரே மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லட்டும் என்பது விதி. ஒரு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடிவதில்லை. "அந்த மூணு கோட்டை அமுக்குங்கக்கா" என்று வாய் வந்துவிடும், அதற்கு முன்பே கை நீண்டுவிடும். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்கிறேன். பருவ இறுதியில் ஒரு மாணவி எழுதிக் கொடுத்த கருத்து: "இத்தனை பருவத்தில் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு மதிப்பெண் கொடுத்த பாடம் இது ஒன்றுதான்."

பயனர் தன்னையே நொந்துகொள்வதும், அதை மாணவர்கள் அப்படியே ஒப்புக்கொள்வதும் இதைவிடச் சிக்கலானவை. "பயனருக்குப் போதிய எழுத்தறிவு இல்லை" என்ற வரி முதல் அறிக்கைகளில் தவறாமல் வரும். அந்த வரியைக் கண்டதும் வகுப்பில் நான் எடுப்பது இரண்டாம் உலகப் போர்க்காலத்து பி-17 விமானத்தின் கதை. தரையிறங்கிய பிறகு இறக்கை மடலை மடக்க வேண்டிய விமானிகள் சக்கரத்தை மடக்கிவிட, ஓடுபாதையிலேயே விமானங்கள் வயிறு உரசி விழுந்தன. விமானியின் பிழை என்று கோப்பை மூடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு கட்டுப்பாடுகளும் ஒரே வடிவில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைக் கவனித்த உளவியலாளர் ஆல்ஃபோன்ஸ் சாப்பனிஸ், சக்கரத்துக்கானதன் நுனியில் சிறிய ரப்பர் சக்கரத்தையும், மடலுக்கானதில் ஆப்பு வடிவத் துண்டையும் பொருத்தினார். கண்ணால் பார்க்காமலேயே கை வேறுபாட்டை உணர்ந்தது, அந்தப் பிழையும் நின்றது. உளவியலாளர் பால் ஃபிட்ஸும் ஜோன்ஸும் இதே போன்ற 460 பிழைகளைத் தொகுத்து ஆராய்ந்து 1947-இல் அறிக்கை கொடுத்தார்கள். நம் மாணவர்களுக்கு ஃபிட்ஸ் என்றால், ஓர் இலக்கைத் தொட ஆகும் நேரத்தைக் கணிக்கிற 1954-ஆம் ஆண்டு விதியும் அதன் மடக்கைச் சூத்திரமும்தான், இந்த அறிக்கை பெரும்பாலோர் காதில் விழுந்ததே இல்லை. கேட்ட பிறகு "எழுத்தறிவு இல்லை" என்ற வரியை அவர்களாகவே அடித்துவிட்டு, "ஆண்டைத் தொடலாம் என்பதைத் திரை காட்டவில்லை" என்று எழுதுகிறார்கள்.

அடுத்த தொல்லை பாராட்டு. ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய பயன்பாட்டு அளவுகோலில் பத்து வாக்கியங்கள் உண்டு. ஒற்றைப்படை எண்ணுள்ளவை புகழ்கிற வாக்கியங்கள், இரட்டைப்படை எண்ணுள்ளவை குறை சொல்பவை. ஒவ்வொன்றையும் எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று ஐந்து படிகளில் கேட்டு, ஒற்றைப்படை விடைகளிலிருந்து ஒன்றைக் கழித்தும், இரட்டைப்படை விடைகளை ஐந்திலிருந்து கழித்தும் கிடைப்பதைக் கூட்டி 2.5 ஆல் பெருக்கினால் நூற்றுக்கு ஒரு மதிப்பெண் வரும். காகிதத்தில் அருமையான கருவி. "இந்தச் செயலி தேவையில்லாமல் சிக்கலாக இருக்கிறது, ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று எதிரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கேட்டால் எந்த அம்மா ஆமாம் என்பார்? பதிவுத் திரையையே தாண்டாத ஒருவரிடமிருந்து தொண்ணூறுக்கு மேல் மதிப்பெண் வாங்கி வந்த குழுவை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மாவைப் பொறுத்தவரை அவர் செயலிக்கு மதிப்பெண் போடவில்லை, வெயிலில் வந்த பிள்ளைகளை மனம் நோகாமல் அனுப்பிவைத்தார்.

இதை மரியாதை என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது, ஆய்வும் இருக்கிறது. நிக்கோலா டெல்லும் அவருடைய சக ஆய்வாளர்களும் பெங்களூரில் 450 பேரிடம் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரியான இரண்டு தொழில்நுட்பங்களில் ஒன்றைக் கேள்வி கேட்பவர் தானே செய்தது என்று பயனர் நம்பினால், அதையே நல்லது என்று சொல்லும் வாய்ப்பு சுமார் 2.5 மடங்கு கூடியது. கேட்பவர் மொழிபெயர்ப்பாளரோடு வந்த வெளிநாட்டவர் என்றால் 5 மடங்கு. இந்தியப் பயனர்களின் இந்தத் தயக்கத்தைத் தாண்ட, பயனர் அனுபவ வல்லுநர் அபலா லாஹிரி சாவன் 'பாலிவுட் முறை' என்று ஒன்றை முன்வைத்தார். உங்கள் அண்ணன் மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை அடியாள் என்று கடைசி நேரத்தில் தெரியவருகிறது, உடனே டிக்கெட் எடுத்துப் போய்க் கல்யாணத்தை நிறுத்த வேண்டும் என்கிற மாதிரி ஒரு சினிமாக் கதைக்குள் பயனரை நிறுத்திவிட்டால், அவர் மரியாதையை மறந்து டிக்கெட் எடுக்கிற இணையதளத்தைத் திட்ட ஆரம்பித்துவிடுவார். வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், பிறகு ஆளுக்கொரு மெகா சீரியல் காட்சியோடு வருவார்கள். நம் ஊருக்கு அது இன்னும் நன்றாகவே எடுபடுகிறது.

என் வகுப்பில் எளிய வழி ஒன்றைப் பிடித்திருக்கிறேன். ஒரு குழுவின் செயலியை இன்னொரு குழுதான் வெளியே கொண்டுபோக வேண்டும், தாங்கள் செய்ததில்லை என்பதைப் பயனரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அப்போது குறைகள் தாராளமாக வருகின்றன. வகுப்பில் சண்டையும் வருகிறது. "யாரைப் போய்க் கேட்டீங்க? அவங்க எங்க டார்கெட் யூசரே இல்ல" என்று கத்திய குழுவிடம், எதிர்க்குழு அவர்களுடைய அறிக்கையின் முதல் பக்கத்தையே படித்துக் காட்டியது. நான் குறுக்கே போகவில்லை.

நடைமுறைச் சிக்கல்களையும் சொல்ல வேண்டும். அறுபது பேர் வகுப்பை ஓர் ஆசிரியர் வெளியே அனுப்ப, ஓ.டி. (ஆன் டியூட்டி) அனுமதிக்கு மூன்று கையெழுத்து வேண்டும். மாணவிகள் அறிமுகமில்லாத இடத்துக்குப் போவதற்கு வீட்டில் சம்மதம் கிடைப்பது அதைவிடக் கடினம். பிளேஸ்மென்ட் காலத்தில் யாரும் எங்கும் வரமாட்டார்கள். பயனரின் கைப்பேசித் திரையைக் காணொளியாகப் பதிவுசெய்கிற பழக்கத்தையும் நான் நிறுத்திவிட்டேன். சோதனையின் நடுவே வங்கியின் குறுஞ்செய்தி மேலே வந்து நிற்கும், அந்தக் காணொளியோ குழுவின் வாட்ஸ்அப்பில் கிடக்கும். கல்லூரியின் கைப்பேசியைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். அதில் எழுத்தளவு இயல்பு நிலையில் இருக்கும். வயதானவர்களின் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள், 'சேமி' பொத்தான் திரைக்குக் கீழே போய் மறைந்துவிடுவது அதில்தான் தெரியவரும். ஆகவே சொந்தக் கைப்பேசி, அறிவிப்புகளை நிறுத்தி வைத்து, ஒருவர் பக்கத்தில் உட்கார, இன்னொருவர் கையால் குறிப்பெடுப்பது என்று வைத்திருக்கிறோம். காணொளியைவிட அந்தக் குறிப்புகள்தான் படிக்க நன்றாக இருக்கின்றன.

மதிப்பெண்தான் இன்னும் இடிக்கிறது. மேலே சொன்ன சுயஉதவிக் குழுச் செயலியைச் செய்த மாணவர்கள், இரண்டாம் முறை போய் வந்த பிறகு, பதிவு, உள்நுழைவு, வரைபடம் எல்லாவற்றையும் நீக்கச் சொல்லி அறிக்கை எழுதினார்கள். பேரேடு நன்றாகவே இருக்கிறது, ஊக்குநர் அதை விடப்போவதில்லை, உறுப்பினர்கள் கேட்பது தங்கள் கடனில் இன்னும் எவ்வளவு பாக்கி என்பதை மாதம் ஒருமுறை குறுஞ்செய்தியாகத்தான் என்பது அவர்களின் முடிவு. அந்தப் பாடத்தில் நான் படித்த மிகச் சிறந்த அறிக்கை அதுதான். மதிப்பீட்டுக் குழுவில் இருந்தவர்களோ, டெமோ எங்கே, அவுட்புட் எங்கே என்று கேட்டார்கள். படிவத்தில் 'செயல்படும் நிரல்' என்ற வரிக்கு நேரே நிரப்ப ஒன்றுமில்லை, முழுச் செயலியோடு ஐந்து அறைத்தோழர்களின் பாராட்டையும் இணைத்திருந்த வேறொரு குழு அந்த வரியில் முழு மதிப்பெண் வாங்கியது. அந்தப் படிவத்தில் 'கைவிட்டவை, அவற்றுக்கான காரணம்' என்று ஒரு வரியைச் சேர்த்து, நிரலுக்கு இருக்கிற அதே மதிப்பெண்ணை அதற்கும் கொடுக்க வேண்டும் என்று துறைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த பருவம் தொடங்குவதற்குள் முடிவு தெரிந்துவிடும்.