கிரே ஊர் டாக்டரும் கடற்பஞ்சுகளும்

"அவர் செய்த வகைப்பாடு பிறகு தள்ளுபடி ஆகிவிட்டது" என்று ஒரே வரியில் ஒரு ஆளின் கணக்கை முடித்துவிடுவதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். புதைபடிவக் கடற்பஞ்சுகளை வகை பிரித்த எதுவார் தெ ஃப்ரோமாந்தெல் அப்படி முடிக்கப்பட்டவர். 1824-ல் பிறந்தவர், கிழக்கு பிரான்சில் சோன் ஆற்றங்கரையில் உள்ள கிரே என்கிற சின்ன ஊரின் டாக்டர். அந்தப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறை, சுமார் 16 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலாக இருந்த இடம், உடைத்தால் புதைபடிவமாகிப்போன பவளம் கிடைக்கும். இவர் அதை விடவில்லை. 1857-ல் கிரெட்டேசியஸ் காலத் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டம்) தொடக்கத்துப் பவளங்களைப் பற்றி எழுதினார், அப்புறம் தன் ஊர்ப் பவளங்களுக்கென்றே தனியாக ஒரு நூல், அதோடு தொல்லுயிரியலாளர் தோர்பினி தொடங்கிவைத்துவிட்டுப் போன 'பிரெஞ்சுத் தொல்லுயிரியல்' என்கிற பிரம்மாண்டத் தொகுப்பில் கிரெட்டேசியஸ் பவளப் பகுதியும் இவர் தலையில்தான் விழுந்தது.

பவளத்தையாவது அதன் கூட்டுக்குள் இருக்கும் தடுப்புச் சுவர்களை எண்ணி அடையாளம் காணலாம். கடற்பஞ்சு, அதாவது கடலடியில் ஒட்டி வாழ்கிற, உடம்பெல்லாம் துளையுள்ள எளிய விலங்கு, அப்படி இல்லை. அதன் எலும்புக்கூடு என்பதே கண்ணுக்குத் தெரியாத முட்கள்தான், சிலிக்காவால் ஆன முள் பாறைக்குள் கரைந்து போய் அந்த இடத்தில் கால்சைட் என்கிற சுண்ணாம்புக் கனிமம் வந்து உட்கார்ந்துவிடும், ஆக கையில் இருப்பது எந்த வகை என்றே ஆளை ஏமாற்றும். ஃப்ரோமாந்தெல் 1859-ல் புதைபடிவக் கடற்பஞ்சுகளுக்கு ஓர் அறிமுக நூல் எழுதியபோது மேலே தெரிகிற துளைகள், உள்ளே ஓடுகிற குழாய்கள் இவற்றை வைத்துப் பிரித்தார். 1870-களின் கடைசியில் மியூனிக்கின் தொல்லுயிரியலாளர் சிட்டெல், பாறையை மெல்லிய சீவல்களாக அறுத்து, நுண்ணோக்கியில் முட்களைப் பார்த்து, எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினார். சிட்டெல் செய்தது சரி, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அடுக்கி மாற்ற முதலில் ஒருவர் பொறுக்கி, வரைந்து, பெயர் வைத்திருக்க வேண்டாமா? இவர் 1857-ல் பெயர் வைத்த யூஜைரா என்ற பவளப் பேரினம் இன்றும் அதே பெயரில்தான் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், நுண்ணோக்கி இவருக்குப் புதுசே இல்லை. 1874-ல் ஒற்றைச் செல் உயிரிகளைப் பற்றி ஒரு பெரிய நூலே வெளியிட்டார். அதன் படங்களும் இனக் குறிப்புகளும் ஜோபார்-முத்தோ என்ற பெண்மணியுடையவை, அந்தக் காலத்திலேயே அவர் பெயரை முகப்பில் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவைப் பற்றி யாராவது விரிவாக எழுதினால் முதல் பிரதியை நான் வாங்கிக்கொள்கிறேன்.