ஃபார்மேட் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் காதுகொடுத்துக் கேளுங்களேன்!

முதலில் என் கம்ப்யூட்டர் போட்ட சத்தத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று உள்ளே 'டக்' என்று ஒரு தட்டு. ஒரு விநாடி மௌனம். அப்புறம் 'விர்ர்ர்' என்று ஏதோ ஒன்று அடியிலிருந்து சுற்ற ஆரம்பித்து மேலே ஏறும். அந்த நேரத்தில் மவுஸ் நகரும், ஆனால் எதைக் க்ளிக் செய்தாலும் அசையாது. சில நேரம் மீண்டுவிடும். சில நேரம் திரை பட்டென்று கறுத்து, கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி முதலிலிருந்து கிளம்பும். விண்டோஸ் விழுந்தால் வரும் நீலத் திரை கிடையாது, எச்சரிக்கை கிடையாது. ஸ்விட்சை யாரோ தட்டிவிட்ட மாதிரி.

நான் கும்பகோணத்தில் வீட்டு முன்னறையிலேயே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் இந்த ஒரே ஒரு டெஸ்க்டாப்பில்தான். வைகாசி முகூர்த்தங்கள் தலைக்கு மேல் நிற்கும்போது இந்த 'டக்' ஆரம்பித்தது. சிபியுவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.

கடையில் இருந்த தம்பியிடம் சத்தத்தைச் சொன்னேன். எப்போது வருகிறது, எத்தனை நேரம் வருகிறது, பெரிய ஃபைலை பிடிஎஃப் ஆக்கும்போதுதான் வருகிறது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "வைரஸா இருக்கும்க்கா, ஃபார்மேட் போட்டா சரியாயிடும்" என்றார். வைரஸுக்கு 'டக்' என்று தட்டக் கை இருக்கிறதா? அப்போதே கேட்டிருக்க வேண்டும். அவசரத்தில் விட்டுவிட்டு வந்தேன். "டெஸ்க்டாப்ல வேலை இருக்கு, அதை எடுத்து வெச்சிடுங்க தம்பி" என்று இரண்டு தடவை சொன்னேன். மறுநாள் போனால் கம்ப்யூட்டர் பளிச்சென்று இருக்கிறது, டெஸ்க்டாப்பில் ஒன்றும் இல்லை. "டி டிரைவ் அப்படியே இருக்குக்கா, சி மட்டும்தான் போச்சு" என்கிறார். அந்த சி-யில்தான் அந்த மாதத்துக்கான 60 பத்திரிகை ஃபைல் இருந்தது.

வீட்டுக்கு வந்து இணைத்த ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி 'டக்'.

இரண்டாவது கடை. ரேமை மாற்றினார்கள், 1,800 ரூபாய். மூன்று நாள் கழித்து மறுபடி கறுப்புத் திரை. மூன்றாவது கடையில் இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "மதர்போர்டு போச்சு மேடம், பழசுக்குப் பார்ட்ஸ் வராது, புதுசாவே வாங்கிடுங்க" என்றார்கள். விலை 28,000. என்ன சோதித்தீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. அனுபவமாம். மூன்று கடையிலும் ஒருவர்கூட அந்தச் சத்தம் வரும் வரை பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவில்லை. ஒருவர்கூட!

அன்று இரவு வீட்டிலேயே உட்கார்ந்தேன். எனக்கு வந்த ஆத்திரத்தில் தூக்கம் எங்கே வரப்போகிறது? கம்ப்யூட்டர் தன் கோளாறை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. விண்டோஸில் உள்ளே நடந்ததையெல்லாம் தேதியோடு காட்டும் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது, காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அதில் சிஸ்டம் பதிவுகளைத் திறந்தால் 'கெர்னல் பவர் 41' என்று 6 நாளில் 9 தடவை. முறையாக அணைக்காமல் கம்ப்யூட்டர் நின்றுபோய் மறுபடி கிளம்பியிருக்கிறது என்பது மட்டும்தான் அதற்கு அர்த்தம், காரணத்தை அது சொல்லாது. ஆனால் உள்ளே, விண்டோஸ் விழுந்த பிழையின் எண்ணைக் காட்டும் 'பக்செக் கோட்' என்ற வரியில் எல்லாமே பூஜ்யம். விண்டோஸ் விழும்போது குறிப்பு எழுதிப் போடும் மினிடம்ப் ஃபோல்டரிலும் ஒன்றுமில்லை. விண்டோஸ் தானாகக் குழம்பி விழுந்திருந்தால் பெரும்பாலும் அங்கே ஒரு தடயமாவது விட்டிருக்கும். அதை எழுதக்கூட நேரமில்லாமல் நின்றுபோயிருக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கரன்ட் வரும் வழியை.

இதில் எனக்கு வயிறு எரிவது எங்கே என்றால், முதல் கடையில் ஃபார்மேட் போட்டபோது அதற்கு முந்தைய பதிவு மொத்தமும் அழிந்துபோயிற்று. நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வைத்தியம் பார்த்த கதை இது.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். அது தன் உடல்நிலையைத் தனக்குள்ளேயே குறித்து வைக்கும், ஃபார்மேட் போட்டாலும் அது அழியாது. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் திறந்து பார்த்தேன். பழுதாகி ஒதுக்கப்பட்ட செக்டார் (டிஸ்க்கில் தகவல் எழுதும் சின்னக் கட்டம்) பூஜ்யம். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார் பூஜ்யம். டிஸ்க்கின் தட்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை! ஆனால் கரன்ட் போனதால் டிஸ்க் அவசரமாக ஒதுங்கிக்கொண்ட எண்ணிக்கையான 'பவர் ஆஃப் ரிட்ராக்ட்' என்ற ஒரு கணக்கு மட்டும், இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தபோது 19 ஏறியிருந்தது. அந்த இரண்டு நாளில் நான் கம்ப்யூட்டரைப் போட்டதே 4 தடவைதான்.

அந்த 'டக்' என்னவென்று அப்போதுதான் புரிந்தது. ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது, அதாவது விநாடிக்கு 120. அதில் எழுதிப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இடைவெளியில் மிதக்கிறது. கரன்ட் குறைந்தால் முனை தட்டில் உரசிவிடாமல் இருக்க டிஸ்க் உடனே அதை இழுத்து ஓரமாக நிறுத்திக்கொள்ளும். அதுதான் 'டக்'. கரன்ட் திரும்பியதும் மறுபடி சுற்ற ஆரம்பிக்கும். அதுதான் 'விர்ர்'. டிஸ்க் கெட்டுப்போய் அலறவில்லை. சாப்பாடு வராமல் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் தம்பியிடம் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் வாங்கி, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, உள்ளே கரன்ட் கொண்டுவரும் நாலு முனை இணைப்பில் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக்கும் நடுவே வைத்தேன். சும்மா இருக்கும்போது 12.1 வோல்ட். பெரிய பேனரை பிடிஎஃப் ஆக்கக் கொடுத்தேன். 11.6, 11.3, 11.1. ஐந்து சதவீதத்துக்கு மேல் இறங்கக் கூடாது, அதாவது 11.4-க்குக் கீழே போகக் கூடாது. 11.1 வந்த உடனே 'டக்'. அந்தச் சத்தத்தைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. 18 நாளாக அது ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

வீட்டுக் கரன்ட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். அதன் சல்லடை வழியாகச் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தோம். (அந்தப் பெட்டியை யாரும் திறந்துவிடாதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல்கூடத் தேங்கி நிற்கலாம்.) கரன்ட்டைத் தேக்கிச் சீராகக் கொடுக்க வரிசையாக நிற்கும் கெப்பாசிட்டர்களில் மூன்றின் தலை பூரி மாதிரி உப்பியிருந்தது. ஒன்றின் மேலே பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. பக்கவாட்டு ஸ்டிக்கரில் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. அதன் கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட்டுக்கு 14 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 168 வாட். ப்ராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, டிஸ்க்கைச் சுற்றும் மோட்டார் எல்லாமே அந்த 12 வோல்ட்டை நம்பித்தான் இருக்கின்றன. கேபினெட் வாங்கினால் கூடவே தருகிற லோக்கல் எஸ்எம்பிஎஸ் இது. எத்தனை வீட்டில் இதே பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறதோ!

2,600 ரூபாய்க்கு நல்லதாக ஒன்று வாங்கி மாட்டினேன். இன்றோடு 23 நாள். ஒரு 'டக்' கிடையாது. மதர்போர்டு நன்றாகத்தான் இருக்கிறது. பழைய ரேமும் நன்றாகத்தான் இருக்கிறது.

எல்லாச் சத்தமும் எஸ்எம்பிஎஸ் என்று நான் சொல்ல வரவில்லை. கொரகொரவென்றால் பெரும்பாலும் ஃபேனின் பேரிங், இல்லையென்றால் அதன் இறக்கையில் ஒயர் உரசும். கிராஃபிக்ஸ் கார்டில் 'சொய்ங்' என்ற மெல்லிய கீச்சொலி சுருள்களின் அதிர்வு, அதனால் ஆபத்து இல்லை. ஆனால் 'டக் டக்' என்று அடித்துக்கொண்டே படிக்க முடியாத செக்டாரின் எண்ணிக்கையும் ஏறினால் அது உண்மையிலேயே சாகப்போகும் டிஸ்க். அப்போது முதல் வேலை உள்ளே இருப்பதைப் பிரதி எடுப்பது. அந்த நிலையில் இருக்கும் டிஸ்க்கில் கேட்காமல் கொள்ளாமல் ஃபார்மேட் போட்டு, அதன் மேலேயே விண்டோஸை எழுதினால் என்ன ஆகும்? குழந்தையின் முதல் பிறந்தநாள் படமும் இறந்துபோன அப்பாவின் குரலும் அதில் இருந்திருந்தால்? எனக்குப் போனது 60 ஃபைல். மறுபடி செய்துகொள்ளலாம். எல்லோருக்கும் அப்படியா?

கடைக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, தெரியும். "சும்மா பார்த்ததுக்கா காசு?" என்று நம் ஜனமே சண்டை போடுகிறது. அதனால் எதையாவது மாற்றினால்தான் பில் போட முடியும் என்று ஆகிவிட்டது. சரி, என்னிடம் கேட்டிருக்கலாமே! "சோதிக்க 300 ரூபாய், பழுது கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்பேன். ஒரு மல்டிமீட்டரும் அரைமணி நேரப் பொறுமையும் வேண்டிய வேலை இது. தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லுங்கள். தெரியாததற்கு 28,000 ரூபாய் விலை போடாதீர்கள்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை எடுத்துக்கொண்டு முதல் கடைக்குப் போய் மேஜையில் வைத்துக் காட்டினேன். அந்தத் தம்பி சல்லடை வழியாகப் பார்த்தார். "ஆமாக்கா, உப்பியிருக்கு" என்றார். அவ்வளவுதான். போன ஃபைலுக்கு அவரிடம் பதில் இல்லை. அந்த 60-இல் நேற்று இரவு வரை 27 முடித்திருக்கிறேன். மீதிக்கு எல்லா வீட்டுக்கும் போன் செய்து, மாமன்மார் பெயர் வரிசையை மறுபடி முதலிலிருந்து கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.